அடுப்பங்கரைப் புகைக்கூண்டு: வந்த கதையும் போகும் கதையும்

திருத்தணி மாதிரி ஊர்களில் பழைய ஓட்டு வீட்டையோ மெட்ராஸ் டெரஸ் வீட்டையோ புதுப்பிக்கும்போது எழும் கேள்வி: "கேஸ் வந்தாச்சு, மேடை போட்டாச்சு, இந்தப் புகைக்கூண்டு இனி எதுக்கு?" பதில் பெரும்பாலும் கடப்பாரைதான். இடிப்பதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

இங்கிலாந்து வீட்டுச் சிம்னி முக்கியமாகக் குளிருக்கானது. நம்ம பக்கம் அந்த வகைக் கணப்பைப் பார்க்க மலையேற வேண்டும். 1820களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறியதிலிருந்து அங்கே எழுந்த பங்களாக்களில் கணப்பும் சிம்னியும் வழக்கமாயின. திருத்தணியும் மலைக்கோயில் ஊர்தான், ஆனால் மே மாத வெயில் பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் ஊர். இங்கே கணப்புக்கு வேலையில்லை. தமிழர் குளிர்காய்ந்ததே பெரும்பாலும் சட்டி நெருப்பில்தான். நெடுநல்வாடையில் வருவதும் அகன்ற வாயுள்ள தீச்சட்டிதான். அதற்குச் சிம்னி கிடையாது.

ஆக, நம்ம வீட்டுப் புகைக்கூண்டு சமைப்பவருக்காக வந்தது. வசதியான வீடுகளில் செங்கல் கூண்டு முன்பே உண்டு. மற்ற வீடுகளில் ஓட்டு இடுக்கும் ஜன்னலும்தான் புகைக்கு வழி. புகையால் பயனும் இருந்தது: அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிர்களைப் பூச்சி அண்டாது, கூரைக் கீற்றும் சீக்கிரம் செல்லரிக்காது. அதற்கான விலையைக் கொடுத்தவை அடுப்பு முன்னால் உட்கார்ந்தவரின் கண்ணும் நுரையீரலும்.

இதை ஒரு பொறியியல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு. புகையில்லாச் சமையலறை பற்றிய அவருடைய ஆங்கிலச் சிறுநூல் 1953ல் சென்னையில் அச்சானது. அவர் வடிவமைத்த அடுப்பு நம்ம கொடியடுப்புக்குத் தூரத்துச் சொந்தம். ஒரே வாயில் விறகு வைத்தால், தீயும் புகையும் அடுத்தடுத்த பானைகளின் அடியில் ஓடி, கடைசியில் குழாய் வழியாக வெளியே போகும். அதே 1953ல்தான் ஆந்திர மாநிலம் பிறந்து, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1ல் ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

1980களில் மத்திய அரசே புகையில்லா அடுப்பைத் திட்டமாக எடுத்து நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2002ல் அத்திட்டம் முடிந்தது. குழாயில் கரி அடைத்தது, சுத்தம் செய்ய ஆளில்லை, பல அடுப்புகள் சில வருஷத்திலேயே கைவிடப்பட்டன. இடையில் சிலிண்டர் வந்துவிட்டது. இண்டேன் 1965ல் கொல்கத்தாவில் தொடங்கியது. தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டம் 2007ல், உஜ்வலா 2016ல். பெரும்பாலான வீடுகளில் புகைக்கூண்டின் ஆயுள் இரண்டு தலைமுறைதான்.

சிம்னியை வேண்டாமென்று அடைப்பது நமக்கு மட்டும் வந்த பழக்கமல்ல. இங்கிலாந்தில் 1662ல் ஒவ்வொரு கணப்புக்கும் வருஷத்துக்கு இரண்டு ஷில்லிங் வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து கணப்பை அடைத்தவர்கள் உண்டு. 1689ல் அந்த வரி ஒழிந்தது.

சரி, இடிப்பது என்றால் எப்படி? மேலிருந்து கீழே, இது முதல் விதி. அடுப்பு மேடைப் பக்கம் இடம் வேணும்னு கீழ்ப்பகுதியை மட்டும் உடைத்தால், மேலே நிற்கும் செங்கல் கூண்டின் மொத்தப் பாரமும் அந்தரத்தில் தொங்கும். முட்டுக் கொடுக்காமல் அதைத் தொடக்கூடாது. மெட்ராஸ் டெரஸில், கூண்டு கூரையைத் துளைக்கும் இடத்தில் மரக்கட்டை வெட்டப்பட்டிருக்கலாம். துளையை மூடும் முன் அந்தக் கட்டைக்குப் புதுத் தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஒழுக ஆரம்பிக்கும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். கரி ஊறிய பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல் வெள்ளையடித்தால், எத்தனை கோட் அடித்தாலும் பழுப்புக் கறை திரும்ப வரும்.

இதெல்லாம் கொத்தனார் பார்த்துக்கொள்வார். அவர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டில் விறகு எரிவது நிஜமாகவே நின்றுவிட்டதா? சிலிண்டர் விலை ஏறும்போதும், விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் ஏற்றும்போதும், வெந்நீர் போடவும் விறகடுப்பு திரும்ப வரும் வீடுகள் நிறைய. கூண்டு போயிருந்தால் அந்தப் புகை மறுபடி சமைப்பவர் முகத்துக்கே வரும். இடிக்கலாமா வேண்டாமா என்பதை, அந்த அடுப்பின் முன்னால் உட்காரப்போகிறவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய வீட்டில் அவருக்கென்றே கட்டப்பட்டது அநேகமாக அது ஒன்றுதான்.