யாரைப் பார்த்துப் பேசினார் ஜனாதிபதி?

போரும் பேச்சும் – வரலாற்றுத் தொடர்

1983 ஜூலை 28, வியாழக்கிழமை. கொழும்பு எரியத் தொடங்கி நான்கு நாட்கள் கழித்து ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன ரூபவாஹினித் திரையில் தோன்றி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அப்போது வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கமும் தமிழர் கடைகள் கருகிக் கிடந்தன. கொட்டாஞ்சேனையில் பல குடும்பங்கள் உடுத்த உடையோடு வீட்டை விட்டு ஓடியிருந்தன. இரத்மலானை விமான நிலையத்தின் விமானக் கொட்டகையிலும், பாடசாலைகளிலும் கோவில்களிலும் ஆயிரக்கணக்கானோர் தரையில் கிடந்தார்கள். அயலிலிருந்த சிங்களக் குடும்பங்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து ஒளித்துவைத்த தமிழர்களும் இருந்தார்கள். அந்த வீடுகளின் உள்ளறைகளில் இருந்துதான் அவர்கள் தங்கள் ஜனாதிபதியின் குரலைக் கேட்டார்கள்.

அவர் என்ன சொன்னார்? நடந்தவை குறித்துப் பொதுவாக வருத்தம் தெரிவித்தார். அதன்பின் காரணத்துக்கு வந்தார். 1976இல் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்த நாளிலிருந்தே இரு இனங்களுக்கும் இடையில் அவநம்பிக்கை வளர்ந்தது என்றார். அந்தக் கோரிக்கையை முன்வைத்த வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிய ஆண்டு அது. பிறகு வன்முறை வந்தது, பொலிஸாரும் படையினரும் அரசியல்வாதிகளும் கொல்லப்பட்டார்கள், இப்போது நடப்பது அதற்குச் சிங்கள மக்கள் காட்டிய எதிர்வினை என்றார். 2,500 ஆண்டுகள் ஒன்றாயிருந்த நாடு பிளவுபடுவதைச் சிங்கள மக்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள் என்றார். அவர்களுடைய குரலுக்கும் தேசிய மானத்துக்கும் செவிசாய்க்கும் வேளை வந்துவிட்டது, ஆகவே பிரிவினை கேட்கும் கட்சிகளைத் தடைசெய்து, அதை ஆதரிப்போரின் சிவில் உரிமைகளையும் பதவிகளையும் தொழில் செய்யும் உரிமையையும் பறிக்கும் சட்டம் வருகிறது என்று முடித்தார்.

வீடிழந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை அதில் இல்லை. கொலைகாரரையும் கொள்ளைக்காரரையும் பிடித்துத் தண்டிப்போம் என்ற உறுதியும் இல்லை. அந்த உரைக்கு முன்பே, ஜூலை 25ஆம் 27ஆம் திகதிகளில், வெலிக்கடைச் சிறைக்குள் அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டிருந்தார்கள். அதுவும் உரையில் கனதியாக இடம்பெறவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிற பேச்சு இது.

ஜே.ஆர். வாய் தவறிப் பேசும் மனிதர் அல்லர். சட்டம் படித்தவர், 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுக்கு மன்னிப்பு வேண்டி, வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தர் வாக்கை உலகத் தலைவர்கள் முன் எடுத்துச் சொல்லிப் புகழ் பெற்றவர். தோற்றுப்போன ஒரு நாட்டுக்காக அப்படி உருக்கமாகப் பேசத் தெரிந்தவருக்கு, தன் வாசலில் எரிந்துகொண்டிருந்த சொந்தக் குடிமக்களுக்காகப் பேசத் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தேதான் பேசாமல் விட்டார்.

ஏனென்று அறிய அந்த மாதத் தொடக்கத்துக்குப் போக வேண்டும். ஜூலை 11ஆம் திகதி லண்டன் டெய்லி டெலிகிராப்பில் வந்த பேட்டியில், யாழ்ப்பாண மக்களின் கருத்தைப் பற்றித் தாம் இப்போது கவலைப்படவில்லை, அவர்களுடைய உயிரைப் பற்றியோ தங்களைப் பற்றிய அவர்களின் எண்ணத்தைப் பற்றியோ யோசிக்க முடியாது என்ற பொருளில் அவர் வெளிப்படையாகப் பேசியிருந்தார். 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஞாயிறு மாலை, பொரளை கனத்தை மயானத்தில் அவர்களைச் சேர்த்து அடக்கம் செய்ய ஏற்பாடு. பெருங்கூட்டம் திரண்டது. உடல்கள் வந்துசேரத் தாமதமானது. கூட்டத்தின் கோபம் தமிழர் மேல் மட்டும் நிற்கவில்லை, அரசின் மேலும் திரும்பியது. அன்றிரவு பொரளையில் பற்றிய தீ திங்கட்கிழமை நகரெங்கும் பரவியது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள்.

கனத்தையில் திரண்ட அந்தக் கூட்டத்தைத்தான் ஜனாதிபதி வியாழக்கிழமை திரையில் பார்த்துப் பேசினார் என்பது என் துணிபு. தன் ஆட்சிக்கு எதிராகத் திரும்பக்கூடிய கோபத்தைத் தணிக்க, அந்தக் கோபம் நியாயமானது என்று அதற்கே சொல்லிக் கொடுத்தார். போர்க்காலத் தலைவர் ஒருவர் வாய் திறக்கும்போது முதலில் செய்வது தனக்கு முன்னால் இருப்போர் யார் என்று வகுப்பதுதான். வீரமும் தியாகமும் வாக்குறுதியும் அதற்குப் பிறகு வருபவை. அந்த எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதை உடனே உணர்ந்துவிடுவார்கள். கொழும்புத் தமிழர்கள் அன்று உணர்ந்தார்கள்.

அடுத்த நாட்களில் அமைச்சர்கள் திரைக்கு வந்தார்கள். இராஜாங்க அமைச்சர் ஆனந்த திஸ்ஸ டி அல்விஸ் இது வெளிநாட்டுச் சதி என்றார்: முதலில் சிங்களவரைத் தமிழரோடும், பிறகு முஸ்லிம்களோடும், அதன்பின் பௌத்தரைக் கிறிஸ்தவரோடும் மோதவிடும் திட்டமாம். ஜூலை 30இல் ஜே.வி.பி., நவ சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் தடைசெய்யப்பட்டன. அமைச்சர் லலித் அத்துலத்முதலி உணவுக்காக மக்கள் மறுபடியும் வரிசையில் நிற்க நேர்ந்ததே என்று வருந்தினார். அகதி முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு நின்றவர்களின் வரிசை அவர் கண்ணில் படவில்லை.

ஜனாதிபதி சொன்ன சட்டம் 11 நாட்களில் வந்துவிட்டது. ஓகஸ்ட் 8ஆம் திகதி அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் சட்டமானது. அதன்படி பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1977 தேர்தலில் தமிழ் மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் வெளியேற, பேச்சுவார்த்தைக்கு இருந்த வாசலும் மூடிக்கொண்டது. இறந்தோர் சுமார் 250 பேர் என்று அரசு முதலில் கணக்குக் காட்டியது. மற்றவர்களின் மதிப்பீடு 400 முதல் 3,000 வரை போகிறது. அகதிகளாகக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போன இளைஞர்களில் எத்தனை பேர் அடுத்த மாதங்களில் ஆயுத இயக்கங்களில் சேர்ந்தார்கள் என்பது எங்கள் தலைமுறை அறிந்த கதை.

பெரும் போர்ப் பேச்சாளர் என்றதும் உலகம் சேர்ச்சிலைச் சொல்லும். 1940 மே 13இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அவர் தம் மக்களுக்குத் துன்பத்தைத் தவிர வேறெதையும் வாக்களிக்கவில்லை. கசப்பை மறைக்காமல் சொன்னதே அந்தப் பேச்சின் பலம். ஆனால் அவருடைய மக்கள் வட்டத்துக்கும் எல்லை இருந்தது. 1941 ஓகஸ்டில் ரூஸ்வெல்ட்டோடு வெளியிட்ட அத்திலாந்திக் சாசனம், எல்லா மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தெரிந்தெடுக்கலாம் என்றது. செப்டெம்பர் 9ஆம் திகதி அவரே எழுந்து, அது நாஜிகள் பிடித்த ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது, இந்தியா, பர்மா போன்ற பேரரசின் பகுதிகள் வேறு விஷயம் என்று விளக்கினார். ஏழு மாதம் கழித்து, 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. பேரரசுக்காகக் குண்டை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும் இந்த நகரத்துக்கு இருந்தது.

சந்திரிகா குமாரதுங்க 1994இல் சமாதானத்தின் பெயரால் வென்று வந்தவர். தமிழ் மக்களுக்கு அநீதி நடந்தது என்று மேடையில் ஒப்புக்கொண்டவர். 1995 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை முறித்துப் போரைத் தொடங்கியதும் அவருடைய சொற்றொடர் ‘சமாதானத்துக்கான யுத்தம்’ ஆனது. டிசம்பரில் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்த, பழங்காலச் சேனாதிபதி அரசன் முன் நிற்பது போல நின்று, ‘யாப்பா பட்டுன’ (யாழ்ப்பாணம்) கைப்பற்றப்பட்ட செய்தி எழுதிய சுருளை ஜனாதிபதியிடம் கையளித்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த தமிழனுக்கு, தன் ஊர் தன் நாட்டுக்குள் இருந்த ஊர் அல்ல, வென்றெடுத்த பகைவன் ஊர் என்றுதான் பட்டிருக்கும். ஓராண்டாகச் சந்திரிகா பேசிய நல்ல பேச்சையெல்லாம் அந்த ஒரு சடங்கு அழித்துவிட்டது. 2004 ஜூலையில், 1983 வன்முறைக்காக அவர் அரசின் தலைவராக நின்று மன்னிப்புக் கேட்டார். ஜே.ஆர். செய்திருக்க வேண்டியது அது. வர 21 ஆண்டுகள் எடுத்தது.

மஹிந்த ராஜபக்ஷ காலத்தில், தம் மக்கள் யார் என்று பேச்சால் வகுக்கும் இந்தக் கலை முழுமை பெற்றது. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போருக்கு அரசு கொடுத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. படைவீரர்கள் ‘ரணவிரு’ (போர்நாயகர்கள்) ஆனார்கள். போரைக் கேள்வி கேட்டவன் துரோகி ஆனான். இந்தப் பேச்சு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் எப்படி வந்துசேர்ந்தது என்று பார்க்க 2007 ஜூன் 7ஆம் திகதி போதும். அன்று விடியுமுன் பொலிஸார் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பகுதி லொட்ஜுகளின் கதவைத் தட்டினார்கள். தங்கியிருந்தவர்கள் யார்? விசாவுக்காகத் தூதரக வாசலில் நின்றவர்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், ஊரில் இருக்கப் பயந்து வந்த இளைஞர்கள். பையைக் கட்டச் சொன்னார்கள். 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அவர்கள் விரும்பித்தான் போனார்கள் என்று அரசுத் தரப்பு சொல்லிப் பார்த்தது. மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷவோ, கொழும்பில் முறையான வேலை இல்லாதவர்களைச் சிறையில் போடுவதைவிட வீட்டுக்கு அனுப்புவது நல்லதல்லவா என்று பேட்டி கொடுத்தார். தன் நாட்டுத் தலைநகரில் தங்குவதற்குத் தமிழன் மட்டும் காரணம் காட்ட வேண்டும் என்ற எண்ணம், மேடைகளில் ‘எங்கள் நாடு’ என்று முழங்கிய பேச்சுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

மறுபேச்சுப் பேசியவர்கள் உயிரை இழந்தார்கள். யாழ் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் சிங்களம் நன்றாகப் பேசுவார். தமிழர் பக்கத்து நியாயத்தைச் சிங்கள மக்களின் வீட்டுத் திரைக்கே கொண்டுபோனவர். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடத்தல்களையும் காணாமற்போதல்களையும் பகிரங்கமாகப் பேசிய தியாகராஜா மகேஸ்வரன், வரவு செலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்துப் பாதுகாப்புக் குறைக்கப்பட்ட நிலையில், 2008 புத்தாண்டு தினத்தன்று கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் கொல்லப்பட்டார்.

புலிகளின் பேச்சும் இதே அச்சில் வார்த்ததுதான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி வரலாறு எழுதியவனாவேன். நவம்பர் 27ஆம் திகதி மாவீரர் நாள் உரையைக் கொழும்பிலும் கதவை அடைத்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. 2006 உரையில் பிரபாகரன், சிங்களப் பேரினவாதம் தனியரசைத் தவிர வேறு வழியைத் தமிழருக்கு விட்டுவைக்கவில்லை என்றார். அந்த உரைகள் சோர்ந்த மக்களுக்குத் தெம்பு கொடுத்தன, உண்மை. ஆனால் அங்கும் ஒரு வட்டம் வரையப்பட்டது. அதற்கு வெளியே நின்ற தமிழன் துரோகி. அரசியலமைப்புத் தீர்வொன்றை எழுதிக்கொண்டிருந்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பு வீதியில் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். இரண்டு தரப்பும் ஒரே சொல்லால் மனிதர்களைத் தீர்த்துக்கட்டின.

2009 மே 19, செவ்வாய்க்கிழமை. பாராளுமன்றத்தில் மஹிந்த வெற்றி உரையைத் தமிழில் தொடங்கினார். இந்தப் போர் தமிழ் மக்களுக்கு எதிரானதல்ல, அவர்களைக் காப்பது தன் பொறுப்பு என்றார். அப்படிப்பட்ட வேளையில் தமிழில் தொடங்கியது சிறிய காரியமல்ல. வெள்ளவத்தையில் அதைக் கேட்டு ஒரு கணம் நம்ப விரும்பியவர்கள் இருந்தார்கள். பிறகு சிங்களத்தில் தொடர்ந்து, சிறுபான்மை என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிட்டோம், இனி இந்த நாட்டில் இரண்டு மக்கள்தான், நாட்டை நேசிப்போரும் நேசிக்காத சிறு கூட்டமும் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேசிக்கிறவன் யார் என்று தீர்ப்புச் சொல்வது யார்? அதே நாட்களில் வன்னியிலிருந்து வந்த ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் செட்டிகுளம் முதலிய முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்தவர்களுக்கு அங்கே தாயும் சகோதரரும் இருந்தார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல். வெளியே பட்டாசு வெடித்தது, பாற்சோறு பரிமாறினார்கள். இறந்தவர்களுக்காக அன்று ஒரு தமிழ்த் தாய் வாய்விட்டு அழுதிருந்தால், மஹிந்த சொன்ன இரண்டு மக்களில் அவள் எந்தப் பக்கம்?

அந்த உரையின் வட்டம் போரோடு முடியவில்லை. 2019 நவம்பர் 18ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ, சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய அநுராதபுரம் ருவன்வெலிசாய தூபியின் முன் ஜனாதிபதியாகச் சத்தியப் பிரமாணம் செய்தார். சிங்கள மக்களின் வாக்கால் வெல்ல முடியும் என்று தெரிந்தே போட்டியிட்டதாகச் சொல்லி, மற்றவர்களையும் வந்து சேரும்படி அழைத்தார். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஜே.ஆர். திரையில் பார்த்துப் பேசிய அதே மக்களைப் பார்த்துத்தான் அவரும் பேசினார்.

அடுத்த வாரம் 1987க்குப் போவோம். ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதைச் சிங்கள மக்களிடம் ஜே.ஆர். எப்படிக் கொண்டுபோனார், ஆறு நாட்களில் சுதுமலை மேடையில் பிரபாகரன் தமிழ் மக்களிடம் எப்படிக் கொண்டுபோனார் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

(தொடரும்)