முன்பாரம், பின்பாரம்



கனடாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. படம் அனுப்பி, "சார், இதுக்கு நம்ம வரலாற்றுல ஏதாவது இடம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா? கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனால் திட்டக்குடிப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் அவசியம் கடைசி வரை படிக்க வேண்டும்.

இந்த வண்டிக்கு இன்னொரு பெயர் கேரவன். சினிமாவால் நமக்குப் பழகிய சொல். அது பாரசீகத்திலிருந்து வந்தது. சேர்ந்து பயணம் போகும் வணிகர் கூட்டத்துக்கு அங்கே அந்தப் பெயர். தமிழில் அதற்குச் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்பது நினைவிருக்கும்.

நம் நாட்டில் வண்டியிலேயே குடும்பம் நடத்தியவர்கள் உப்பு வணிகர்களான உமணர்கள். கடற்கரையில் உப்பு ஏற்றிக்கொண்டு வரிசையாக உள்நாட்டுக்குப் போவார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டியின் வருணனை இருக்கிறது. வண்டியிலே கோழிக்கூடு உண்டு. சிறிய உரல் ஒன்று தொங்கும். காடி வைத்த கலயம் கயிற்றால் கட்டியிருக்கும். கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுவாள். வலுவான ஆண்கள் பக்கத்தில் நடந்து காவல் வருவார்கள். கனடாவில் இன்று அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் என்றால், அன்று உரலும் கலயமும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிட முக்கியமானது புறநானூற்றின் 102-ஆவது பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். ஏன் அந்த முன்னேற்பாடு? மாடுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய பாரமோ அதிகம். வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான். அந்த அச்சைப் போன்றவன் இந்தத் தலைவன் என்பது ஔவையின் பாராட்டு. இழுப்பதன் திறன், ஏற்றிய பாரம், வழியின் தன்மை, மாற்று உதிரி என்று நான்கையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முன்பே கணக்கில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்த நாட்டில் டிரெய்லர் ஓட்டக் கற்றுக்கொடுத்தாலும் பாடம் இந்த நான்கில்தான் தொடங்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மாசி மகத்துக்கு விருத்தாசலம் போவதென்றால் அந்தக் காலத்தில் கூண்டு வண்டிதான். பெண்ணாடம் வழியாக மெதுவாகப் போகும். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்திருப்பார்கள். அடியில் அரிக்கேன் விளக்கும் வாளியும் தொங்கும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை, உபரியாக ஒரு கடையாணி, நல்ல கயிறு ஆகியவை இல்லாமல் எந்த வண்டிக்காரரும் கிளம்ப மாட்டார்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். "முன்பாரமா இருக்கு, ரெண்டு பேரு பின்னால தள்ளிக் குந்துங்க" என்பார். பின்பக்கம் கனத்தால் முன்னால் வரச் சொல்வார். என் வயதுக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு சக்கர வண்டி தராசு மாதிரி. அச்சுதான் அதன் நடு முள். முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சரியான வண்டியில் கழுத்தின் மேல் கொஞ்சம் பாரம் இருக்கும், ஆனால் கொஞ்சம்தான்.

கடந்த நூற்றாண்டின் 30, 40களில் ரப்பர் டயர் மாட்டு வண்டிகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. நம் மக்கள் டயர் வண்டி என்றார்கள். மாட்டுக்கு இழுப்பது சுலபமாயிற்று, பாரமும் கூடியது. ஆனால் இறக்கத்தில் வண்டி மாட்டைப் பிடித்துத் தள்ளும் தொல்லையும் கூடவே வந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்துவதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். கழுத்தைப் புண்ணாக்கும் நுகத்தடியை மாற்ற வேண்டும் என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று.

பிறகு டிராக்டர் வந்தது. சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது 1960-இல். நம் பகுதியில் நெல்லும் கரும்பும் டிரெய்லருக்கு மாறின. இறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிரெய்லர் வரிசையைப் பார்க்காதவர் நம்மில் யார்?

இங்கேதான் ஒரு அறிவு நழுவிப் போயிற்று. பாரம் தவறினால் மாடு காட்டிக் கொடுக்கும். தலையை ஆட்டும், நுரை தள்ளும், நின்றே விடும். வண்டிக்காரர் இறங்கி வந்து சரிசெய்வார். டிராக்டர் அப்படிக் காட்டாது. எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும். இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பாரம் மிஞ்சினால் மேட்டில் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் கேட்காது. பின்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். அது தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

2024 பிப்ரவரி 24, மாசி மக நாள். நம்மவர்கள் மணிமுத்தாற்றுக்குப் போன அதே நாளில், உத்தரப் பிரதேசத்துக் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் கங்கை நீராடப் போன கிராமத்து மக்கள் ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏறினார்கள். அது குளத்தில் கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையில்தான் அவர்களும் ஏறியிருப்பார்கள்.

இப்போது கனடா மாணவருக்கு. உங்கள் வண்டியின் மேல்நாட்டு முன்னோடி 1885-இல் வந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் உல்லாசப் பயணத்துக்கென்றே 'வாண்டரர்' என்ற வீட்டு வண்டியைச் செய்வித்து, குதிரை பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். பிறகு குதிரையின் இடத்துக்குக் கார் வந்தது. ஆனால் தராசுக் கணக்கு மாறவில்லை. வட அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது விதி. நம் வண்டிக்காரர் கண்ணால் அளந்த முன்பாரம்தான் அது. பின்பாரமாக ஏற்றிவிட்டு வேகமாகப் போனால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும்.

கனமான சாமான்களை அச்சுக்கு அருகில், தரையோடு தரையாக வையுங்கள். காரின் இழுவைத் திறன் எவ்வளவு என்று அதன் புத்தகத்தில் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் அதன் முனை சாலையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். டயர் காற்று, பிரேக், விளக்கு மூன்றையும் கிளம்பும் முன் பாருங்கள். ஓடும்போது கேஸ் சிலிண்டர் மூடியிருக்கட்டும். மாற்று டயர் இல்லாமல் போகாதீர்கள். உமணரின் சேம அச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் சில. சாலைக்கு வரும்போது டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும். நம் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. அதனால் டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். பாரம் பின்னாலிருந்து தள்ளும், டிராக்டர் மடங்கிக்கொள்ளும். இணைக்கும் ஆணிக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா என்று தினமும் குனிந்து பாருங்கள். பின்னால் சிவப்பு ஒளிப்பட்டையும் விளக்கும் வேண்டும். டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும், அதை இழுக்கும் டிராக்டரின் எண் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். காதுகுத்தோ, திருவிழாவோ, நடவுக்குப் போகும் பெண்களோ, யாராக இருந்தாலும் சரி. அது மூட்டைக்காகச் செய்த வண்டி. வேன் வாடகை கட்டுப்படியாகாது என்றால் பேருந்தில் இரண்டு நடையாகப் போங்கள். வருகிற மாசி மகத்துக்கு உங்கள் தெருவில் யாராவது டிரெய்லர் பேசினால், இந்தப் பதிவை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள், கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
திட்டக்குடி