எடைக்கு விற்ற எழுத்து

ஈய எழுத்துகளை ஒருகாலத்தில் எடை போட்டுத்தான் விற்றார்கள். அச்சகக்காரர் இத்தனை ராத்தல் வேண்டும் என்று கேட்டு வாங்குவார். அதில் ‘க’ எத்தனை, புள்ளி வைத்த மெய் எத்தனை, எப்போதாவது மட்டும் தேவைப்படும் ‘ஞூ’ எத்தனை என்று ஒரு கணக்கு இருக்கும். தேய்ந்துபோனால் உருக்கித் திரும்ப வார்க்கலாம். கொடுத்த காசுக்குக் கையில் கனமாக ஒரு பொருள் இருந்தது. இன்று இணையச் சந்தையில் ஓர் எழுத்துருவை வாங்கினால் வந்து சேர்வது ஒரு கோப்பு, கூடவே அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஓர் உரிமம். உண்மையில் நாம் காசு கொடுப்பது அந்த உரிமத்துக்குத்தான்.

தமிழ் எழுத்து எப்போதுமே யாரோ செலவழித்து, யாரோ தூரத்தில் செய்து கொடுத்த சரக்காக இருந்திருக்கிறது. 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டவை. எழுத்துகள் அளவில் மிகப் பெரிதாக இருந்தன. அந்த அளவில் பைபிளை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. சீகன்பால்கும் அவருடைய ஆட்களும் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். ஈயம்? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டின்களின் மூடியிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். பயன்படுத்துகிறவன் கைவைத்துத் திருத்தியபோதுதான் அந்த எழுத்து புத்தகத்துக்குப் பொருந்தியது.

கணினி வந்தபோது கதை வேறு மாதிரிப் போனது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் ஆளுக்கொரு எழுத்துரு வந்தது. ஆளுக்கொரு குறியாக்கமும் வந்தது, சிக்கல் அங்கேதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். பாமினியில் தட்டிய ‘அம்மா’, கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவும் போய்விடுவாள்.

அந்தக் காலத்தில் எழுத்துரு விற்றவர்கள் அழகை விற்கவில்லை என்றே நினைக்கிறேன். பூட்டையும் சாவியையும் சேர்த்து விற்றார்கள். ஒரு பத்திரிகை ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் பத்து வருடம் தட்டெழுதிவிட்டால் பிறகு அதைவிட்டு வெளியே போக முடியாது, பழைய கோப்பு எதுவும் திறக்காது. வாங்காதவர்கள் நகலெடுத்தார்கள். நண்பரின் டிஸ்கெட்டிலிருந்து, பிறகு பசார் மாலாமில் விற்ற சிடியிலிருந்து. எழுத்துருவுக்குக் காசு கொடுக்கணுமா என்ற கேள்வியே பலருக்குத் தோன்றவில்லை.

இந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்க முதல் பெரிய கூட்டம் நம் பக்கத்தில்தான் நடந்தது: 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு. அதற்கு முன்னின்று உழைத்த கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். அதே ஆண்டு சென்னை மாநாட்டை அடுத்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. ஆனால் 1991லேயே வெளிவந்திருந்த யூனிகோடுதான் கடைசியில் நிலைத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோது, உரையும் எழுத்துருவும் முதன்முறையாகப் பிரிந்தன. அதாவது, எழுத்துருவை மாற்றினாலும் அம்மா அம்மாவாகவே இருந்தாள். இனி ஓர் எழுத்துருவை வாங்க ஒரே காரணம்தான்: அதன் வடிவம்.

வடிவத்தை விற்கிற கடை அப்போதுதான் திறந்திருந்தது. 1999இல் அமெரிக்காவில் பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் மைஃபான்ட்ஸ் சந்தையைத் தொடங்கியது. தனி ஆள்கூட வீட்டிலிருந்தபடி எழுத்துரு செய்து விற்கலாம். இதில் ஒரு முரண் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது. 1978இல் எல்ட்ரா வழக்கில் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. காப்பு இருப்பது கோப்புக்குள் இருக்கும் மென்பொருளுக்கும், பதிவு செய்தால் பெயருக்கும். பிட்ஸ்ட்ரீமே ஹெல்வெட்டிகாவைப் போன்ற ஒன்றை ஸ்விஸ் 721 என்ற பெயரில் விற்ற நிறுவனம்தான். 2012இல் மைஃபான்ட்ஸ் மோனோடைப் கைக்குப் போனது.

இந்தச் சந்தைக்கு ஓர் எழுத்துருவைத் தயார் செய்வது வரைந்து முடிப்பதோடு ஆகிற வேலை இல்லை. பெயர் அட்டவணை சரியாக இல்லாவிட்டால் வேர்டில் தடித்த எழுத்து தனிக் குடும்பமாகத் தெரியும். பொதிவு அனுமதியில் ஓர் எண்ணைத் தவறாகப் போட்டால் பிடிஎஃப் அதை உள்ளே சேர்க்காது. கணினிக்கு ஓர் உரிமம், இணையதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று. இதெல்லாம் எந்த மொழிக்கும் பொது.

தமிழுக்கு வேறு சில தலைவலிகள் இருக்கின்றன. யூனிகோடின் அடிப்படைத் தமிழ்த் தொகுதியில் 72 குறிகள்தான். ஆனால் கு, கூ வரிசையில் மட்டும் 18 மெய்களுக்கு 36 வடிவங்களைத் தனித்தனியாக வரைய வேண்டும். டி, டீ தனி. ‘கெ’ என்று தட்டினால் கோப்பில் க முதலில், கொம்பு பின்னால். திரையில் கொம்பு முன்னால் வரணும். ‘கொ’வில் ஒரே குறி இரண்டாக உடைந்து இரு பக்கமும் போய் நிற்கணும். கூ கீழே இறங்கும், கீ மேலே சுழிக்கும். வரி இடைவெளியை அதற்கேற்ப வைக்காவிட்டால் இரண்டு வரிகள் இடித்துக்கொள்ளும். எல்லாம் சரியாகச் செய்து அனுப்பினாலும், வாங்கியவர் இன்டிசைனில் பன்மொழிக்கான வரியமைப்பியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். “உங்க எழுத்துரு சரியில்ல” என்று பணத்தைத் திருப்பிக் கேட்பார். பதிப்பகங்கள் பலகாலம் பழைய குறியாக்கத்தை விடாமல் இருந்ததற்கு இந்தக் கொம்பும் ஒரு காரணம். சோம்பல் மட்டும் இல்லை.

இத்தனையும் சரியாகி வந்த நேரத்தில் விலை பூஜ்யமாகிவிட்டது. 2010இல் கூகுள் ஃபான்ட்ஸ் வந்தது. அதில் பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனர், ஏக் டைப் குழுவின் முக்தா மலர் எல்லாம் வந்து சேர்ந்தன. அழகானவை, இலவசம். அவற்றின் திறந்த உரிமம், எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது என்றே சொல்கிறது. குறை சொல்லவில்லை, இந்த இதழை நீங்கள் கைப்பேசியில் படிக்க முடிவதற்கு இப்படிப்பட்ட இலவசங்கள்தான் காரணம். ஆனால் தனியாக உட்கார்ந்து ஒரு தமிழ் எழுத்துருவை இரண்டு வருடம் செதுக்குகிற இளைஞருக்குப் போட்டி இன்னொரு இளைஞர் இல்லை, கூகுள்.

நெதர்லாந்தின் யோஸ் பியூவெங்கா 2008இல் மியூசியோவில் சில தடிமன்களை இலவசமாகக் கொடுத்து மீதியை விற்றார், நன்றாக விற்றது. தமிழில் இந்த உத்தி எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம். நம் புத்தகங்களுக்குச் சாதாரணமும் தடித்ததும் போதும், அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் பிறகு விற்க எதுவும் மிஞ்சாது.

சட்டம் காக்கிற ஒன்றிரண்டு விஷயங்களில் பெயரும் ஒன்று என்றேன். நம் கவிதைத் தொகுப்புகளைத் திறந்து பாருங்கள். அட்டை ஓவியர் பெயர் இருக்கும், மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கும், அச்சக முகவரிகூட இருக்கும். எழுத்துருவின் பெயரைப் போட்ட புத்தகம் என் அலமாரியில் இரண்டோ மூன்றோதான்.