சுகர், மனச்சோர்வு, நெட் வழியே வந்த சிகிச்சை

உங்களுக்கு சுகர் இருக்கு. நடக்கணும்னு தெரியும், மாத்திரை போடணும்னு தெரியும். ஆனா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மனசு வரல. வீட்டில் இதற்கு "சோம்பேறித்தனம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஓபியில் எங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் சுகர் அளவைப் பார்த்து மாத்திரை எழுதத்தான் நேரம் இருக்கும்.

ஆனால் சுகருக்கும் துக்கத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் கவனித்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் இருந்தார். இந்த நோயாளிகளின் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதி வைத்தவர். (ஆமாங்க, ருசி பார்த்துத்தான். அன்றைய லேப் அது!) நீண்ட நாள் துக்கம் இந்த நோயைக் கொண்டுவரும் என்றும் எழுதினார். காரணம் அவ்வளவு எளிதல்ல. ஆனால் இரண்டும் ஒன்றாக வருவதை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.

1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போட்டார்கள். உயிர்கள் பிழைத்தன. நாங்களும் ரத்த சர்க்கரையையே பார்க்கப் பழகிவிட்டோம். 2001-ல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதுதான், சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்கு என்பது பளிச்சென்று தெரிந்தது.

சரி, சிகிச்சை?

1960-களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி. உதாரணமா, காலையில் சுகர் 260. "என்னால எதையும் கன்ட்ரோல் பண்ண முடியாது"னு ஒரு எண்ணம் வருது. அன்னிக்கு வாக்கிங் போகல. மறுநாள் 280. அந்த எண்ணம் உண்மையா என்று உங்களையே சோதிக்க வைத்து, பத்து நிமிஷ நடையில் இருந்து மறுபடி தொடங்க வைப்பதுதான் சிபிடி.

1998-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பேட்ரிக் லஸ்ட்மன் குழு, சுகரும் மனச்சோர்வும் இருந்த 51 பேரிடம் இதைச் சோதித்தது. 10 வாரம் கழித்து, சிபிடி பெற்றவர்களில் 85% பேருக்கு மனச்சோர்வு விலகியிருந்தது. பெறாதவர்களில் 27%. பிரமாதம்!

ஆனா வாரா வாரம் உளவியலாளர் முன்னால் போய் உட்காரணுமே? எழுந்திருக்கவே முடியாதவரிடம் கிளம்பி வா என்றால் எப்படி வருவார்?

இங்கேதான் நெதர்லாந்து வருகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இதே சிகிச்சையை 8 பாடங்களாக்கி இணையத்தில் ஏற்றினார்கள். வீட்டிலிருந்தே படிக்கலாம். வீட்டுப்பாடம் எழுதி அனுப்பினால் உளவியலாளர் பதில் எழுதுவார். 255 பேர் சேர்ந்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. மனச்சோர்வு குறைந்தது, சுகர் பற்றிய மன உளைச்சலும் குறைந்தது. ஆனால் ஹெச்பிஏ1சி அசையவில்லை. பாதியில் விட்டவர்களும் நிறைய.

"சுகர் குறையலையே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. மூட்டுவலி மாத்திரை பிரஷரைக் குறைக்கலைன்னு யாராவது திட்டுவோமா? மனச்சோர்வு தனி நோய். அது குறைந்தாலே சிகிச்சை வேலை செய்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மனிதரே இல்லாமல் முழுக்க தானியங்கியாக ஓடும் மைகாம்பஸ் திட்டத்தை, பொதுவான ஆரோக்கியக் குறிப்புகள் தரும் இன்னொரு இணையத் திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஒப்பிட்ட விதம் வேறு என்பதால் நெதர்லாந்து ஆய்வோடு நேராகத் தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் அந்தப் பக்கம் பதில் எழுத ஒரு ஆள் வேணும் என்பதே என் கணிப்பு.

2020-ல் வெளியான இந்திய ஆய்வும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சென்னை உட்பட 4 மருத்துவமனைகள், 404 பேர். மருத்துவருக்குத் துணையாக மென்பொருள், நோயாளியைத் தொடர்ந்து விசாரிக்க ஒரு ஊழியர். 2 வருஷ முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், பிரஷர், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் 71.6%. வழக்கமான சிகிச்சையில் 57.4%.

ரெண்டு வாரமா எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமில்லைன்னா, அடுத்த செக்கப்பில் சுகர் நோட்டை நீட்டும்போதே டாக்டரிடம் சொல்லிடுங்க. வாழவே பிடிக்கலைன்னு தோணினா செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். சுகர் மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.