லுயிஜி ஞானப்பிரகாசம் ஆன வழி: இராமநாதபுரக் கடற்கரையில் இத்தாலியப் பிள்ளைப்பெயர்கள்

உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறார். அதற்கு வடக்கே, திருவாடானை வட்டத்து ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தர் என்ற பிரிட்டோ இருக்கிறார். நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு அந்தச் சாமி பெயரையே இடுவது இந்தக் கரையின் பழைய வழக்கம். இத்தாலியப் பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த வரலாற்றை இந்த நேர்த்திக்கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பாதிரிமார் கப்பலேறி வந்த கதையாக மட்டும் அதைச் சொன்னால் பாதி விடுபட்டுப்போகும்.

மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளை இதற்குச் சான்று. பார்மா நகருக்குப் பக்கத்தில் சிஸ்ஸாவில் 1520-இல் பிறந்த அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் அங்கே கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். ஆனாலும் இந்த மண்ணில் இரத்தம் சிந்திய இந்த இத்தாலியரின் பெயர் பிள்ளைகளுக்கு வழக்கமான பெயராகவில்லை. காரணம் எளிது: அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாதவருக்குக் கொடியேற்றமும் தேர்பவனியும் இல்லை. நேர்ந்துகொள்ள வழியும் இல்லை.

பெயர் எந்த மொழியில் ஒலிக்க வேண்டும் என்ற கேள்வி 1704-இல் வெடித்தது. துரின் நகரத்தவரான தூர்னோன் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்து, அவ்வாண்டு ஜூன் 23 தேதியிட்ட ஆணையைப் பிறப்பித்தார். ஞானஸ்நானத்தில் உரோமைப் புனிதர் பட்டியலிலுள்ள பெயரையே இட வேண்டும் என்றது அந்த ஆணை. ஆனால் புனிதப் பெயர்களுக்கு உள்நாட்டுச் சொல்லை அடியோடு விலக்கவில்லை. இலத்தீன் பொருளுக்கு அது சரியாகப் பொருந்த வேண்டும் என்றது. இந்த ஆணை இடம்பெறும் மலபார்ச் சடங்குகள் சர்ச்சை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பூணூல், சந்தனம் பற்றியே பேசுகிறார்கள். தமிழ்ப் பெயர் வரலாற்றுக்கு இந்தச் சிறு விதி அவற்றுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அந்த இடைவெளியில் நின்று பெரிய காரியம் செய்தவர் கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, நம் வீரமாமுனிவர். 'கொஸ்தான்சோ' என்றால் உறுதி குலையாதவன். அவர் முதலில் பூண்ட தமிழ்ப்பெயர் தைரியநாதர். 'ஜுசெப்பே' என்பது யோசேப்பு. எபிரேயத்தில் அதன் பொருள் 'பெருகச் செய்வார்'. தம் காவியமான தேம்பாவணியின் நாயகன் யோசேப்புக்கு அவர் இட்ட பெயர் வளன். தம் இரு பெயர்களையும் அவர் தமிழாக்கிவிட்டார் என்றே இதை நான் வாசிக்கிறேன். திருச்சி புனித ஜோசப் கல்லூரி இன்று தூய வளனார் கல்லூரி எனப்படுவதும், வளன், வளனரசு என்று பிள்ளைகளுக்குப் பெயரிடப்படுவதும் அந்தக் காவியத்தின் பேறு.

பெஸ்கி 1680-இல் பிறந்த காஸ்திலியோனே ஊரில்தான் 1568-இல் லுயிஜி கொன்சாகாவும் பிறந்தார். சிற்றரசுரிமையைத் துறந்து, உரோமையில் கொள்ளைநோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, 23 வயதில் மாண்ட இளைஞர். 1726-இல் அவருக்குப் பட்டம் அளிக்கப்பட்டது. இலத்தீனில் அலோசியுஸ், தமிழில் ஞானப்பிரகாசியார். லுயிஜி என்பதன் ஜெர்மானிய வேர்ப்பொருள் 'புகழ்பெற்ற போர்வீரன்'. ஞானப்பிரகாசம் அதன் மொழிபெயர்ப்பு ஆகாது. வேரை விட்டுவிட்டு, அந்த இளைஞனின் வாழ்வைப் பார்த்து இட்ட பெயராகவே எனக்குத் தோன்றுகிறது. வைத்திலிங்கமாகப் பிறந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் பின்னாளில் தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்து அகராதி செய்தவர் என்பதை நினைக்கையில் மனம் நெகிழ்கிறது.

அந்தோனியார் கதை வேறு. லிஸ்பனில் பிறந்து 1231-இல் இத்தாலியின் பதுவாவில் இறந்த அவர் நமக்குப் பதுவைப் புனிதர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் பெர்னாந்து. பரதவர் 1530-களில் போர்த்துகீசியரிடமிருந்து ஏற்ற குடும்பப்பெயர்களில் அதுவும் ஒன்று. ஆகவே 'அந்தோனி பெர்னாந்து' என்று பெயர் கொண்ட ஒரு கடற்கரைப் பிள்ளை, அறியாமலே, அந்தப் புனிதரின் இரு பெயர்களையும் சுமக்கிறான். இராமேசுவரம் மீனவர் கச்சத்தீவுக்குப் போவதும் இந்த அந்தோனியார் திருவிழாவுக்குத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் போக்கு மாறியது. சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர். அவர்களின் நிறுவனர் ஜோவான்னி போஸ்கோ 1934-இலும், மாணவன் தொமெனிகோ சாவியோ 1954-இலும் புனிதராயினர். போஸ்கோ, சாவியோ என்ற பெயர்களை யாரும் மொழிபெயர்க்கவில்லை. முன்பே சவேரியாரிலும் ஓரியூர் பிரிட்டோவிலும் நடந்ததுபோல, குடும்பப்பெயரே பிள்ளையின் பெயராயிற்று. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒரே பெயர்தான். ஐரோப்பியப் பெயரின் பின்பாதிக்கு நம்மிடம் தனி இடம் இல்லாததால், அது முன்னிடத்துக்கே வந்துவிட்டது.

இதில் மிகத் தெளிவான சான்று கொரற்றி. கொரினால்தோவில் பிறந்த ஏழை உழவர் மகள் மரியா கொரற்றி 1902-இல், பதினொரு வயதில், தன்னைப் பலவந்தப்படுத்த வந்தவனை எதிர்த்துக் கத்திக்குத்துப்பட்டு இறந்தாள், 1950-இல் புனிதரானாள். அவள் ஊரில் கொரற்றி என்பது தகப்பன் வழிவந்த குடும்பப்பெயர். இங்கே அது ஒரு பெண்பிள்ளையின் சொந்தப் பெயர். அதற்கு முன்னால் அவள் அப்பாவின் முதலெழுத்து நிற்கிறது.