எதிரிக்குக் கிட்டக்கூடாத துறை: திருகோணமலைக் கடற்படைத் தளம் பற்றி ஒரு மறுபார்வை

திருகோணமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தில்தான் தொடங்குகிறார்கள். குன்றுகள் சூழ்ந்த உட்துறை, எந்தப் பருவத்திலும் அடங்கிக் கிடக்கும் நீர், ஒரு பெரும் கடற்படை முழுவதும் நங்கூரமிடப் போதுமான பரப்பு. நெல்சன் அதைப் பார்த்து வியந்தார் என்ற கதையும் கூடவே வரும். வருணனையில் பிழையில்லை. ஆனால் இயற்கை இவ்வளவு வாரி வழங்கிய இடத்தை 1795 முதல் 1957 வரை வைத்திருந்த பிரித்தானியர், அங்கே ஒரு பம்பாயையோ சிங்கப்பூரையோ ஏன் கட்டியெழுப்பவில்லை? ஆழத்தை அளந்து இதற்கு விடை காண முடியாது. திருகோணமலையை வைத்திருந்தவர்கள் அதைத் தங்கள் தேவைக்காக வைத்திருந்ததைவிட, இன்னொருவர் கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே அதிகம் வைத்திருந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதை விளங்கிக்கொள்ளச் சோழமண்டலக் கரையிலிருந்து தொடங்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். மசூலாவின் பலகைகளை ஆணி அடித்துப் பிணைப்பதில்லை, கயிற்றால் தைப்பார்கள். அலை அறையும்போது படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. வணிகத்துக்கு அந்த ஏற்பாடு போதுமாயிருந்தது. 74 பீரங்கி தாங்கிய போர்க்கப்பலுக்கு அந்தக் கரையில் எந்தப் புகலும் இல்லை. ஐப்பசியில் வாடை தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசமாகும். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் நடுவில் அடித்த புயலில் தன் கப்பல்கள் பலவற்றைச் சென்னைக்கு எதிரிலேயே பறிகொடுத்தார். 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் அதே கதிதான். சில மூழ்கின, சில கரையேறி உடைந்தன. அந்தக் கரையில் இரு தரப்பாருக்கும் பொதுவான எதிரி காற்றுதான்.

இதில் ஆங்கிலேயருக்கு ஒரு மாற்று இருந்தது. பம்பாயில் உலர்துறை இருந்தது, மலபார்த் தேக்கு இருந்தது, வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் கட்டுநர்கள் இருந்தார்கள். தூரம் அதிகம் என்றாலும், உடைந்த கப்பலை அங்கே முழுமையாகச் செப்பனிட முடிந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மொரீசியஸை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆகவே அதே திருகோணமலை ஆங்கிலேயருக்கு ஒரு வசதி, பிரெஞ்சுக்காரருக்கு உயிர்நாடி. இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காமல் 1782ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் படித்தால் பாதிதான் புரியும்.

அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையையும், துறையின் வாயைக் காக்கும் ஒஸ்டன்பேர்க்கையும் கைப்பற்றினார். சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி நாகப்பட்டினம் வரை அவரோடு மூன்று முறை மோதிய பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான், ஆகஸ்ட் இறுதியில் படைகளை இறக்கித் திருகோணமலையைப் பறித்துக்கொண்டார். ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. செப்டம்பர் 3ஆம் தேதி துறைக்கு வெளியே நடந்த சண்டை முடிவில்லாமல் ஓய்ந்தது. கடல் வலிமை பற்றிய தம் 1890ஆம் ஆண்டு நூலில் அமெரிக்கக் கடற்படை வரலாற்றாசிரியர் மஹான் சுஃப்ரானுக்கு ஒதுக்கிய நீண்ட பக்கங்களில், இந்தத் துறையைப் பிடித்தது பெரும் சாதனையாக இடம்பெறுகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடுத்து நடந்ததுதான் ஆராய்ச்சிக்குரியது.

சண்டை முடிந்து திரும்புகையில் சுஃப்ரானின் ஓரியான் என்ற கப்பல் துறையின் வாயிலேயே தரைதட்டி அழிந்தது. அடுத்த மாதம் பிஸார் என்ற கப்பல் கடலூருக்கு அருகே அழிந்தது. அக்டோபர் 15ஆம் தேதி சென்னையைப் புயல் தாக்கியது. அரிசி ஏற்றி வந்த உள்ளூர்க் கப்பல்கள் பல நாசமாயின. ஆளுநர் மக்கார்ட்னியின் மறுப்பையும் மீறி ஹியூஸ் பம்பாய்க்குப் புறப்பட்டார். சுஃப்ரான் எங்கே போனார்? வாடைக் காலத்துக்கென்றே படைத்தது போன்ற துறை அவர் கையில் இருக்க, சுமத்ராவின் அச்சேவுக்குப் போய் அங்கே தங்கினார். அந்தத் துறைக்காக மோதிய இரு தளபதிகளும் அந்த வாடையை அதில் கழிக்கவில்லை.

இந்த முரணை விளக்க நீரைவிட்டுக் கரையேற வேண்டியிருக்கிறது. திருகோணமலையின் பின்புலம் அன்று காடும் காய்ச்சலும்தான். தம்பலகாமத்து வயல்கள் அருகில் இருந்தாலும், ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு அங்கே நெல் கிடைக்காது. பாய்மரத்துக்கான நெடுமரம், பாய்த்துணி, வடம், தேர்ந்த தச்சர் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். சென்னையில் சந்தை இருந்தது, துறை இல்லை. திருகோணமலையில் துறை இருந்தது, சந்தை இல்லை. சுஃப்ரான் அச்சேவுக்குப் போனதில் உணவும் நோயுற்ற மாலுமிகளின் ஓய்வும் பெரும் பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கப்பல் தங்குமிடம் வேறு, கடற்படைத் தளம் வேறு. பின்னது சோறும் மரமும் சம்பளமும் இடையறாது வந்து சேரும் இடம்.

1784இல் திருகோணமலை மீண்டும் டச்சுக்காரரிடம் போனது. அதன்பின் வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயர் ஆடிய ஆட்டம் ஒரு பதற்றத்தைக் காட்டுகிறது. 1786இல் பினாங்கு, 1789இல் அந்தமான் என்று மாற்றுத் துறைகளைத் தேடினார்கள். புரட்சிப் பிரான்சு ஒல்லாந்தை விழுங்கியதும், 1795 ஆகஸ்டில், கர்னல் ஸ்டூவர்ட்டும் கடற்படைத் தளபதி ரெயினியரும் திருகோணமலையைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டே அந்தமான் குடியேற்றம் கைவிடப்பட்டது. நோய்தான் உடனடிக் காரணம். ஆனாலும் திருகோணமலை கையில் இருக்கும்போது அந்த நோயைச் சகித்துக்கொள்ள யாருக்கு அவசியம்?

பிடித்ததைப் பயன்படுத்தினார்களா? ஓரளவு. கிழக்கிந்தியப் படைப்பிரிவின் கப்பல்கள் வந்து போயின. அதன் தலைமைத் தளபதியும் ஜேன் ஆஸ்டனின் தம்பியுமான சார்லஸ் ஆஸ்டன், 1852இல் பர்மாப் போரில் ஐராவதி ஆற்றில் கப்பலில் இறந்தபின் திருகோணமலையில்தான் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் ஊரின் பெயரையே தாங்கிய போர்க்கப்பலின் வரலாற்றைப் பாருங்கள். 1817இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'டிரிங்கோமலி' என்ற அந்தக் கப்பல் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது. அதன் வரைபடங்களைச் சுமந்து வந்த 'ஜாவா' என்ற கப்பல் வழியில் அமெரிக்கரிடம் அழிந்ததால் மறுபடி படி எடுத்து அனுப்ப நேர்ந்தது. கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. திருகோணமலைக்கு அதில் பெயரைத் தவிர எந்தப் பங்கும் இல்லை. பிரெஞ்சு அச்சம் தீர்ந்ததும் செலவு குறைந்தது. ஜெர்மனிக்கு எதிராகக் கப்பல்களைத் தாயகத்தருகே குவித்த கடற்படைத் தலைவர் ஃபிஷரின் சீர்திருத்தத்தில் அங்கிருந்த கப்பல் பட்டறையும் மூடப்பட்டது.

மறுபடி பணம் வந்தது ஜப்பானின் எழுச்சியால். சிங்கப்பூர்த் தளத்தை நம்பிய திட்டத்தில், அங்கே விரையும் கடற்படைக்கு எண்ணெய் நிரப்பும் இடமாகச் சீனன்குடாவில் 101 எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் திட்டம் தலைகீழானது. அப்போதும் கிழக்குக் கடற்படைத் தளபதி சோமர்வில் தன் பெருங்கப்பல்களைத் திருகோணமலையில் நிறுத்தவில்லை. மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் ஒளித்து வைத்தார். எல்லோருக்கும் தெரிந்த துறை, வான்படைக் காலத்தில் பொறியாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலுக்கு முந்திய இரவே துறை காலி செய்யப்பட்டது. தன் விமானங்கள் இல்லாமல் வெளியேறிய விமானந்தாங்கி 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சுமார் 300 பேர் மாண்டனர். பின்னர் கடற்படை கென்யாவின் கிளிந்தினி வரை பின்வாங்கியது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று 1944. அவ்வாண்டு கிழக்குக் கடற்படை திரும்பி வந்தது. அமெரிக்க விமானந்தாங்கி 'சரடோகா'வும் சேர்ந்து ஏப்ரலில் சுமத்ராவின் சபாங்கைத் தாக்கப் புறப்பட்டதும், மறு ஆண்டு ஜனவரியில் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கிய கப்பல்கள் கிளம்பியதும் இங்கிருந்துதான். அந்தச் சில மாதங்கள் திருகோணமலை முழுப் பொருளில் தளமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எப்படி? தேவையானதையெல்லாம் கப்பலில் கொண்டுவந்து இறக்கித்தான். நிலையான பெரிய உலர்துறை இல்லாததால் மிதக்கும் உலர்துறை ஒன்றை நிறுவினார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி 'வேலியண்ட்' என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது அது முறிந்து மூழ்க, கப்பலும் பெரும் சேதமடைந்தது. போர் கிழக்கே நகர்ந்ததும் பிரித்தானியப் பசிபிக் கடற்படை சிட்னிக்குப் போய்விட்டது.

1957 அக்டோபரில் பண்டாரநாயக்க அரசு தளத்தைப் பொறுப்பேற்றது. வெளியேறியவர்களுக்கு அதில் பெரிய இழப்பு இல்லை. சூயஸ் நெருக்கடிக்குப் பிந்திய பிரித்தானியா எப்படியும் சுருங்கிக்கொண்டிருந்தது. 1987 ஜூலை இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களைப் படிக்கும்போதுதான் பழைய தர்க்கம் மீண்டும் தலைகாட்டுகிறது. இந்திய நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாடும் திருகோணமலையை இராணுவத்துக்குப் பயன்படுத்த இலங்கை இடமளிக்காது என்பது அவற்றின் சாரம். இந்தியா அங்கே தளம் கேட்கவில்லை; பிறர் கேட்டுவிடக்கூடாது என்று கேட்டது. எஞ்சிய 99 தாங்கிகளைச் சேர்ந்து சீரமைப்பது பற்றியும் அக்கடிதங்கள் பேசின. அதற்குரிய உடன்பாடு 2022 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று: 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஆயில் துணை நிறுவனத்துக்கு. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் தாங்கிகளில் பெரும்பாலானவை காட்டுக்குள் துருப்பிடித்தபடி வெறுமனே நின்றன. துறை யார் கைக்கும் போய்விடவில்லை.