மூன்று முடிச்சும் ஒரு கிளிக்கும் - கல்யாண போட்டோ தகராறுகளின் கதை

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்குப் போனால் மேடையை மறைத்துக்கொண்டு நிற்பவர்கள் யார்? சின்னக் குழந்தையும் சொல்லும், போட்டோக்காரரும் வீடியோக்காரரும்தான்! கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சு போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரம் படத்தில் விழாமல் போனால், பந்தலைப் பிரித்த பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. கல்யாண போட்டோ தகராறுகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

புகைப்படம் வந்த புதிதில் இந்தத் தகராறுக்கு அவ்வளவாக இடமில்லை. 1839ல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை சீக்கிரமே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1856ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானது. அதே ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மெட்ராஸ் அரசு தனது புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858ல் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1859ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், இது வீண் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார்.

கோயில் எங்கேயும் ஓடிவிடாது. படம் சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம். ஸ்டுடியோ படமும் அப்படித்தான். மணமக்கள் ஸ்டுடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். யாராவது கண்ணை மூடிவிட்டால் இன்னொரு தகடு போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

1925ல் லைக்கா என்ற சிறிய 35 எம்எம் கேமரா விற்பனைக்கு வந்தது. 1930 வாக்கில் பிளாஷ் பல்பும் வந்தது. இப்படிக் கேமராக்கள் சின்னதாக ஆக, படம் எடுப்பது ஸ்டுடியோவை விட்டுப் பந்தலுக்குள் நுழைந்தது. தகராறும் கூடவே நுழைந்தது!

பிலிம் காலத்தில் ஒரு 120 ரோலில் 12 சதுரப் படங்கள், 35 எம்எம் ரோலில் 36 படங்கள். எடுத்தது விழுந்ததா என்பது பிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். ரோல் சுருளில் சரியாக மாட்டாவிட்டால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் பதிவாகாது. துணி ஷட்டர் உள்ள பல கேமராக்களில் பிளாஷ் போடும்போது வேகம் 1/60க்கு மேல் போகக்கூடாது. மறந்து 1/250ல் வைத்துவிட்டால் பாதிப் படம் கறுத்துவிடும். மாப்பிள்ளை தெரிவார், பெண் இருட்டில் இருப்பார்.

இப்படி ஆனால் என்ன செய்வார்கள்? பெரியவர்கள் பேசி, பாக்கிப் பணத்தைக் கழித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அதை விட்டால் சிவில் கோர்ட்தான். ஆல்பத்துக்காக யார் வருடக்கணக்கில் அலைவார்கள்?

நஷ்டம் என்பது கொடுத்த பணம் மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு 1971ல் ஸ்காட்லாந்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஒப்புக்கொண்ட போட்டோகிராபர் கல்யாணத்துக்கு வரவே இல்லை. சாதாரண வியாபார ஒப்பந்தம் முறிந்தால் மனவருத்தத்துக்கு இழப்பீடு தருவதில்லை. ஆனால் கல்யாண போட்டோ எடுப்பதே மனசுக்காகத்தான் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், மணப்பெண்ணுக்கு 30 பவுண்டு வழங்கியது. தொகை சின்னதுதான், ஆனால் கருத்து பெரியது.

இந்தியாவில் 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் குறை இருந்தால் மாவட்ட அளவிலேயே புகார் கொடுக்க முடிந்தது. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு என்று 1993ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இப்போது இருப்பது 2019ம் ஆண்டுச் சட்டம். முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். இப்போது புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலும் கொடுக்கலாம். ரெட்டியார்சத்திரத்துப் பெண் சென்னையில் கல்யாணம் செய்து, அங்கேயே போட்டோ எடுத்திருந்தாலும், ஊரில் இருந்தபடியே திண்டுக்கல் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

சரி, யார் தொழில்முறை போட்டோகிராபர்? ஜெர்மனியில் 2004 வரை போட்டோ ஸ்டுடியோ வைக்க 'மாஸ்டர்' தகுதி தேவைப்பட்டது. அந்த ஆண்டு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு லைசென்ஸ் எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை. விலை உயர்ந்த கேமரா வாங்கியவரெல்லாம் போர்டு மாட்டிவிடலாம். அப்படியானால் அளவுகோல் எது? 2005ல் ஜேக்கப் மேத்யூ என்ற டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இங்கும் பொருந்தும். தன்னிடம் உண்டு என்று சொல்லிக்கொண்ட திறமை உண்மையில் இருந்ததா? இருந்த திறமையை நியாயமான கவனத்தோடு பயன்படுத்தினாரா? உலகத்திலேயே சிறந்தவராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாண வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் எளிமையாகவே இருக்கிறது. இரண்டாவது கேமரா, கூடுதல் பேட்டரி, ஒரே படத்தை இரண்டு கார்டில் பதிவது, அன்று இரவே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைப்பது. கேமரா பழுதாகலாம். பழுதாகும் என்று முன்கூட்டியே நினைத்துத் தயாராக வருபவர்தான் தொழில்காரர்.

படம் யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு சண்டை. 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. நெகட்டிவும் மெமரி கார்டும் யார் கையில் இருக்கும் என்பது வேறு கேள்வி. அதை முன்பே எழுதிக்கொள்வது நல்லது.

போட்டோக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் செல்போனோடு குறுக்கே வருகிற சொந்தக்காரரை யார் தடுப்பது? ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்யாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு 'இன்னும் வரலையே' என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? எத்தனை படம், எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலே பாதிச் சண்டை குறையும்.

கல்யாண ஆல்பத்தைப் பத்து வருடம் கழித்துப் புரட்டும்போது யாரும் மணமக்களை மட்டும் பார்ப்பதில்லை. முன்வரிசையில் அட்சதையோடு உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவைத்தான் தேடுகிறார்கள். பல வீடுகளில் அதுதான் அவருடைய கடைசிப் படம். அதை நினைவில் வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்குபவருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.